போர்டு உள்ளே, பிள்ளைகள் வெளியே

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் தனசேகரன் அவர்களுக்கு,

மலையிலிருந்து கோவிந்தன் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை முத்தம்மாவும் மகள் பிரியதர்ஷினியும் சுகம். ஆடுகளும் சுகம். செங்கத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. எங்கள் பள்ளிக்கூடம் மட்டும் சுகமில்லை. போனில் சொல்லலாம் என்றால், பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது. வருகைப் பதிவை அனுப்புவதற்காக அங்கே மஞ்சுளா டீச்சர் எந்நேரமும் நிற்கிறார். அதனால்தான் கடிதம்.

ஐந்து வகுப்பு, பதினான்கு பிள்ளைகள், இரண்டு அறை, ஒரு டீச்சர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இன்னொரு டீச்சர் வேண்டும் என்று மூன்று வருடமாக மனு கொடுத்தோம். ஜூன் மாதம் ஜீப்பில் பதில் வந்தது. இறக்கிப் பார்த்தால் டீச்சர் இல்லை, ஸ்மார்ட் போர்டு. கதவு அகலத்துக்குக் கண்ணாடிபோல் இருந்தது. உடையக்கூடாது என்று நாங்கள் ஆறு பேர் சாமி தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனோம். அதை வைக்க ஒழுகாத அறைதான் வேண்டும் என்றார்கள். இருப்பதே ஒன்றுதான், கொடுத்தோம். தரைக்கு டைல்ஸ் போட்டு, சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, ஜன்னலுக்குக் கம்பி வைத்து, கதவுக்குப் பூட்டும் போட்டார்கள். காலில் சேறோடு உள்ளே வரக்கூடாது என்று பிள்ளைகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டார்கள். மழை பெய்தால் ஐந்து வகுப்பும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, காய்ந்த டைல்ஸைக் கம்பி வழியாகப் பார்க்கிறது.

போர்டை நடத்தக் கற்றுக்கொடுக்க டீச்சரை ஐந்து நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஐந்து நாளும் காலை உணவு சமைக்கும் குப்பம்மாள்தான் பள்ளிக்கூடம் நடத்தினார். அரிசியில் கல் பொறுக்குவது, ஐந்து வகுப்புக்கும் ஒரே பாடம். குறை சொல்லக்கூடாது, அந்தப் பாடத்தில் எல்லோரும் பாஸ். டீச்சர் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் போர்டில் ஒரு வட்டம் சுற்றியது. இன்டர்நெட் கிடைத்தால் நிற்குமாம். போர்டைப் பாறைமேல் தூக்கிப்போக முடியுமா மச்சான், நீங்களே சொல்லுங்க.

போன வாரம் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். நல்ல மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். நானும் வாசலில் நின்றிருந்தேன். போர்டில் என்ன தெரிகிறது என்று பிரியதர்ஷினியைக் கேட்டார். வட்டம் சுற்றுகிறது என்றாள். மாணவி வடிவங்களை நன்கு அறிந்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டார். அதோடு போயிருக்கலாம். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நீட்டி ஒரு வரி படிக்கச் சொன்னார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மச்சான். முதல் எழுத்தில் விரலை வைத்தாள். வைத்த விரல் நகரவே இல்லை. அதிகாரி குடையை எடுத்துக்கொண்டார். டீச்சர் தரையைப் பார்த்தார். நான் வெளியே வந்து ஜீப் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என்னமோ டயரு வாங்க வந்தவன் மாதிரி.

வீடு வரும் வழியில் ஏன் இப்படி என்று கேட்டேன். திட்டவில்லை, சத்தியமாகக் கேட்டேன். அவள் சொன்னாள்:

"டீச்சரு ஒன்னாங்கிளாசுல இருந்து ஆரம்பிப்பாங்கப்பா. எங்ககிட்ட வர்றதுக்குள்ள பெல்லு அடிச்சிடுது."

அன்றிலிருந்து சாமை அறுக்கப் போனால் கதிரும் தெரியல, களையும் தெரியல. அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அவளை உங்க வூட்டுல வச்சி அங்கே ஒரு பள்ளியில் சேர்த்துவிடுங்கள். நாலாம் வகுப்பில் போட்டாலும் ரோசப்பட மாட்டோம். கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாள். பஸ் ஹாரன் கேட்டால் அழுவாள், இரண்டு நாளில் பழகிவிடும். வருகிற திங்கட்கிழமை நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் குடும்பம் மலைபோல் நிலைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்,
கோவிந்தன்

பி.கு.: கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டி.சி. வாங்க இன்று காலை நானும் முத்தம்மாவும் பள்ளிக்குப் போனோம். எங்கள் ஊர் ரங்கனும் அவன் தம்பியும் காபி எஸ்டேட் வேலைக்கு இறங்கும்போது, இங்கே படித்த தங்கள் நாலு பிள்ளைகளையும் கூட்டிப் போய்விட்டார்கள். மீதி பத்து. டீச்சர் டி.சி. புத்தகத்தை எடுத்தார், பேனாவைத் திறக்கவில்லை.

"பத்துக்குக் கீழ போனா ஸ்கூல மூடிடுவாங்கன்னு பேச்சு இருக்குதுண்ணா. உங்க பொண்ணு போனா ஒம்போது" என்றார்.

முத்தம்மா என்னைப் பார்த்து, "மத்த ஒம்போதும் எந்த மச்சான் வூட்டுக்குப் போவும்?" என்று கேட்டாள். டி.சி. வாங்காமலே திரும்பி வந்துவிட்டோம்.

ஆகையால் திங்கட்கிழமை வர வேண்டாம். வந்தால், உங்கள் சின்ன மகள் கவியாவை அழைத்து வாருங்கள். அவளுக்கு ஐந்து வயது முடிந்திருக்குமே, இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடலாம். முத்தம்மா கேட்கச் சொன்னாள். பதினொன்று ஆகிவிட்டால், இனி ஒரு பிள்ளை எஸ்டேட்டுக்கு இறங்கினாலும் பள்ளிக்கூடம் மூடாமல் நிற்கும். ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர் தவறாமல் வந்துவிடுகிறார்.