ஹில்டாவின் ஊரில் பெய்த தேங்காய்ப்பூ

பனியைக் கண்ணால் காணாத ஒருவனிடம் பனி போடும் வேலையைக் கொடுக்கக்கூடாது. எழுபதுகளின் நடுவில், சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில், அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நானாகக் கேட்டு வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு ஹில்டா ஆஸ்திரியாவின் மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர். பகலில் தொழிற்சாலையில் தையல் வேலை. மிச்ச நேரத்தில் பழப்பெட்டிப் பலகையையும் காய்கறி வெட்டும் குசினிக் கத்தியையும் வைத்துக்கொண்டு, தன் கராஜில் அந்த ஊரையே செதுக்கிக்கொண்டிருந்தார். மூன்று வருட வேலை. தேவாலயம், பேக்கரி, கிணறு, கூரை விளிம்புவரை அடுக்கிய விறகு. பனிச்சறுக்குக் கட்டையில் வரும் தபால்காரருக்குத் தோளில் பைகூட இருந்தது. வீடுகளின் கீழ்த்தட்டில் மாடுகள், மேலே மனிதர்கள்.

"மாட்டின் சூடுதான் எங்களுக்கு ஹீட்டர்" என்றார் ஹில்டா.

"கூரையில் ஏன் ஒரு ஆள் நிற்கிறார்?" என்று கேட்டேன்.

"பனியைத் தள்ளிவிடாவிட்டால் கூரை இடிந்துவிடும். கிறிஸ்மஸ் என்றாலும் காலையில் முதல் வேலை அதுதான்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். (யாழ்ப்பாணத்தில் எங்கள் கூரைக்கு ஏறியவை காகமும் பூசணிக்கொடியும் மட்டுமே.) பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். அதற்காக ஒவ்வொரு யன்னலிலும் கடுகளவு விளக்கு. இப்படி ஒரு கை எனக்கு வாய்க்கவில்லையே என்று உண்மையாகவே ஏங்கினேன்.

அந்த ஊர் வேடிக்கைக்காகச் செய்தது அல்ல. இருபத்திரண்டு வருடமாகக் காணாத அக்கா ரோசா, கடிதம் தவறாமல் ஒரே வரியை எழுதிக்கொண்டிருந்தார்: நீ ஊரை மறந்துவிட்டாய். அந்த ரோசா, கிறிஸ்மஸுக்கு முதல்நாள் காலை விமானத்தில் வந்திறங்குகிறார். ஹில்டாவின் பதில் கராஜில் காத்திருந்தது. பனி மட்டும்தான் பாக்கி.

ஹில்டா என்னிடம் சாவியையும் ஒரு பெட்டி சவர்க்காரச் சீவலையும் தந்தார். "நான் ஏர்போர்ட் போன பிறகு, காலை பத்து மணிக்குத் தூவினால் போதும். யன்னலைத் திறக்க வேண்டாம்."

எவ்வளவு தெளிவான இரண்டு கட்டளைகள். முந்தின நாள் பின்னேரமே இரண்டையும் மீறினேன். கராஜ் வெக்கையில் தபால்காரர் பாவமாகத் தெரிந்ததால் யன்னலை ஒரு சாண் திறந்துவிட்டேன். சவர்க்காரச் சீவலோ மஞ்சள் பாரித்துக் கிடந்தது. எனக்குத் தெரிந்த சுத்தமான வெள்ளை ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு ஓடினேன்.

"என்னப்பா, உந்தத் தேங்காய்ப்பூப் பக்கற்றுகளை எங்க கொண்டு போறியள்?" என்றாள் மனைவி பவானி.

"பனி போடப் போறன்."

"அது நாளைச் சம்பலுக்கு."

சம்பலா பெரிது, கலையா பெரிது? நாலு பக்கற்றுத் தேங்காய்த் துருவலையும் தூவினேன். கூரை, கிணற்று விளிம்பு, தபால்காரரின் தொப்பி எல்லாம் வெள்ளை. என் திறமையை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் பத்து மணிக்குக் கதவைத் திறந்தால், ஊருக்கு நடுவே ஒரு பொசம் படுத்திருக்கிறது. பூனை அளவு உடம்பு, கூரான மூஞ்சி, தடித்த வால். சிட்னிக் கூரைகளில் இரவெல்லாம் தடதடவென்று ஓடுமே, அதே பிராணிதான். பேக்கரிமேல் தலை, பள்ளிக்கூடத்தின்மேல் பின்பக்கம், தேவாலயக் கோபுரத்தில் சாய்மானம். பனியில் பாதி அதன் வயிற்றில். மாடுகள் தெருவில் கிடந்தன. கூரை ஆள் கிணற்றுக்குள் தலைகீழாக நின்றார்.

விளக்குமாற்றால் மெல்லத் தட்டினேன். அது ஒரு கண்ணைத் திறந்து சீறிவிட்டு மறுபடியும் தூங்கியது.

"அதைச் சீண்டாதேங்கோ, கடிக்கும்" என்றாள் பின்னால் வந்த பவானி. பிறகு கிராமத்தைப் பார்த்தாள். "மூண்டு வருச வேலையப்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நேரம் கார் வந்து நின்றது.

ரோசா தடித்த கம்பளிக் கோட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். ஹில்டாவின் முகம் வெளிறிவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன்.

ரோசா குனிந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். விறகு அடுக்கை விரலால் எண்ணினார். ஒரு வாசலில் இருந்த சின்ன வாங்கைத் தொட்டார். (வேலை முடிந்து வரும் அவர்களின் அப்பா உட்கார்ந்து சப்பாத்துக் கழற்றும் வாங்கு அது என்று பிறகு அறிந்தேன்.) பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெர்மனில் ஏதோ சொன்னார். ஹில்டா உடைந்து அழுதார், உடனே சிரித்தார். சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார்:

"எல்லாம் இருக்கிறதாம். நான் எதையும் மறக்கவில்லையாம். இந்த மிருகம் மட்டும் எங்கள் ஊரில் இல்லையாம்."

பொசம் எழும்பிப் போகும்வரை எங்கள் வீட்டில் சாப்பிட்டோம், சம்பல் இல்லாமல். ரோசா திரும்பிப் போகுமுன் ஹில்டா பழப்பெட்டிப் பலகையில் ஒரு பொசம் செதுக்கிக் கொடுத்தனுப்பினார்.

போன கிறிஸ்மஸுக்கு என் மகள் அந்த ஊருக்குப் போனாள். ரோசா இப்போது இல்லை. அவருடைய பேத்தியின் வீட்டிலிருந்து மகள் போன் எடுத்தாள். "அப்பா, யூ வோன்ட் பிலீவ் திஸ். யன்னலடியில உங்கட பொசம் நிக்குது. சுத்திவர ஒரே வெள்ளை."

குசினியிலிருந்து பவானி குரல் கொடுத்தாள்.

"அது மெய்யான பனிதானோ, இல்லாட்டி அவளின்ர அப்பா அங்கயும் போய்ப் போட்டவரோ எண்டு கேளுங்கோ."