கிம்ச்சிக் கல்லின் மகிமை

நாம்வோன் என்ற ஊரின் சந்தைத் தெருவில் மூட்டு வலி தீர்க்கும் கூடம் ஒன்று முளைத்தது. மாடியில். லிஃப்ட் கிடையாது. ஊரிலுள்ள தேய்ந்த முட்டிகளெல்லாம் முனகிக்கொண்டே அந்தப் படிகளில் ஏறின. இது என்ன கூத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நேரமேது? முந்தி வருகிறவர்களுக்குக் கழிவறைக் காகிதம் இலவசம்.

கூடத்தின் நாயகர் யாங். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். எந்தக் கல்லூரி கொடுத்ததென்று அந்தக் கோட்டுக்கே தெரியாது. எரிமலையின் வயிற்றில் பிறந்த கல் என்று ஒன்றைத் துணிப்பையில் தைத்து விற்பார். முட்டியில் கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டில் அசையவே கூடாது.

"முட்டிங்கறது செருப்பு மாதிரிம்மா. நடந்தா தேயும். கல்லக் கட்டிக்கிட்டு சும்மா உக்காருங்க, தானா வளரும்."

பெற்ற பிள்ளைகள் எப்போதாவது போனில் கூப்பிடும் ஊர் அது. அங்கே தினமும் "அம்மா" என்று கூப்பிடுகிறவன் சொன்னால் முட்டி என்ன, மூன்றாவது காலே முளைக்கும்.

அந்தக் கல்லை வாங்கிக் கட்டிக்கொண்ட கிழவிகளில் ஒருத்தியான ஜோம்சுன் குளிர்காலம் முழுக்க வீட்டில் அசையவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். வசந்தத்தில், கல்லறைகளைச் சீர்செய்யும் ஹான்சிக் நாளன்று மலையேறி, கணவனின் கல்லறை மேட்டில் தன் கையால் புதுப்புல் பதிக்க வேண்டும். போன வருடம் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தன் பதித்தான், கோணலாக. அந்தக் கோணல் அவளை இன்னும் உறுத்தியது.

ஹான்சிக் நெருங்கியபோது கால் சூம்பியிருந்தது. நாற்காலியிலிருந்து எழவே கை ஊன்ற வேண்டியிருந்தது. ஆனாலும் கூடத்துக்குப் போனால் வலி குறைந்தது. அது போதாதா நம்பிக்கைக்கு?

பக்கத்து வீட்டுக் குவிநாமுக்கும் அதே மூட்டுத் தேய்மானம். அவள் சுகாதார நிலையத்தில் சொன்னபடி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவாள். நீச்சல் குளத்துத் தண்ணீரில் நடப்பாள். மறுநாளும் வலி நீடித்தால் பயிற்சியைக் குறைத்துக்கொள்வாள். முட்டி வீங்கினால் ஓய்வெடுப்பாள். மூட்டைத் தாங்குகிற சதையைப் பட்டினி போடாதே என்று ஜோம்சுனிடம் பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அப்போ கூடத்துல மட்டும் எப்படிக்கா வலி போகுது?"

"நானும் வரேன், பாத்துடலாம். அந்தப் பையக் குடு, துவச்சுத் தரேன். அழுக்கா இருக்கு."

மறுநாள் துவைத்த பையைக் கட்டிக்கொண்டு ஜோம்சுன் கூடத்தில் உட்கார்ந்தாள். அடியில் சூடேற்றிய தரை தோசைக்கல் மாதிரி சுட்டது. யாங் பாட்டைப் போட்டார். கிழவிகள் கைதட்டினார்கள், காலை ஆட்டினார்கள், எழுந்து இடுப்பை அசைத்தார்கள். வழக்கம்போல வலி இளகியது.

குவிநாம் கையைத் தூக்கினாள். துவைத்ததில் ஜோம்சுனுடைய கல்லின் சக்தி போய்விட்டதோ என்று பவ்யமாகக் கேட்டாள்.

யாங் பையை வாங்கிக் கண்ணை மூடினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்கம்மா போச்சு? இதுதான் இருக்கறதுலயே உசத்தி. எரிமலையோட மூச்சு இன்னும் அடிக்குது."

குவிநாம் தையலைப் பிரித்தாள். கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குள் முட்டைக்கோசை அமுக்கி வைக்கிற தட்டைக் கல் உருண்டு விழுந்தது.

"எரிமலை இல்ல தம்பி, பூண்டு. உன் கல்லு என் ஜாடிக்குள்ள கிடக்கு. முட்டைக்கோசுக்கு இன்னும் குணமாகல."

மனம் சுத்தமில்லாதவர்கள் தொட்டால் இப்படித்தான் ஆகும் என்று யாங் ஆரம்பித்தார். ஜோம்சுன் கேட்கவில்லை. கிம்ச்சிக் கல்லுக்கே தன் முட்டி இளகியதை அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்தாள்.

"எல்லாரும் கல்ல அவுத்து செருப்புப் பக்கத்துல வச்சிட்டு வாங்க. பாட்ட இன்னொரு தடவ போடு."

வைத்தார்கள். ஆடினார்கள். கல்லில்லாமலும் வலி அதேபோல இளகியது. சூட்டுக்கும் அசைவுக்கும் வந்த பலனைக் கல் வாங்கிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து திரும்பிப் பார்த்தால் யாங் இல்லை. படிகளைத் தாவித் தாவி இறங்கிவிட்டார். அவருடைய முட்டி நன்றாகவே இருந்தது.

அந்த ஹான்சிக்குக்கு ஜோம்சுனால் மலையேற முடியவில்லை. குளிர்காலம் முழுக்கத் தொலைத்த சதை அவ்வளவு சீக்கிரம் திரும்புமா? புல் மறுபடியும் கோணல். இப்போது அவள் மலையைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலை மெதுவாக நீட்டி மடக்குகிறாள். அடுத்த வசந்தம் வரட்டும்.

உங்கள் தெருவிலும் ஒரு மாடி இருக்கும். காகிதமும் கொடுப்பார்கள். மேலே போய் முட்டியைக் காட்டுவதற்கு முன், கீழேயே நின்று மூளையைக் கொஞ்சம் நீட்டி மடக்குங்கள். அதுவும் சும்மா வைத்தால் சூம்பும்.