அலமாரிக்குள் இருந்த ஆல்வின்

அன்புள்ள ஓபல் அத்தைக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். என் பையன் நோவா இப்போதுதான் தூங்கினான். மாமியார் வீட்டு சோபாவில் அவன் கால் என் விலாவில் கிடக்க, எழுதுகிறேன். உங்கள் மூட்டுவலியும் டெக்சாஸ் வெயிலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்களைப் போனில் பிடிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். கறுப்பர்கள் நிறைந்திருந்த ஃபில்மோரில் தாத்தா வாடகைக்கு இருந்த வீட்டை நகராட்சி இடித்த இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, குறைந்த வாடகை வீடுகள் வருகின்றன. அன்று வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முன்னுரிமை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கிடைத்தால் நோவாவுக்கென்று ஒரு கதவு, எனக்கு வேலைக்கு நடந்து போகும் தூரம். அதனால் நேற்று அப்பாவை அந்த வீடுகளுக்கு மனு வாங்கும் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். போயிருக்கவே கூடாது.

அங்கிருந்த அதிகாரியம்மா நல்லவர்தான். "நீங்க எந்த இனம்னு பார்த்து வீடு கொடுக்கச் சட்டம் விடாதும்மா. இடிச்ச வீட்ல யார் இருந்தாங்கன்னுதான் பார்ப்போம்" என்றார். பிறகு இடிப்பதற்கு முன் வீடு வீடாக எடுத்த 1967 கணக்கெடுப்பைத் திறந்தார். பெரியவர்கள் இரண்டு, பிள்ளைகள் இல்லை! பிள்ளை இல்லை என்று சொல்லித்தான் தாத்தா அந்த வீட்டையே பிடித்தார் என்பது உங்களுக்குத் தெரியாததா? கணக்கெடுக்க வந்தவரை வீட்டுக்காரனின் ஆள் என்று நினைத்து உங்கள் இருவரையும் அலமாரிக்குள் அடைத்தார், அப்பா தும்மினார், மறுவாரமே பிள்ளைகள் இருப்பது தெரிந்து வீட்டுக்காரன் வந்து கத்தினான், தும்மல்தான் காட்டிக்கொடுத்தது என்று அப்பாவுக்குத் தாத்தாவிடம் பெல்ட் அடி. நீங்களும் ஐம்பத்தெட்டு வருடமாக அவரைத் 'தும்மல்' என்றே கூப்பிடுகிறீர்கள். சரி, போகட்டும். அந்த அம்மா அப்பாவைப் பார்த்து, "ஐயா, நீங்க அந்த வீட்லதான் இருந்தீங்களா?" என்றாரா, அப்பா சட்டென்று எழுந்து நின்று, "இல்லீங்க மேடம், சும்மா விருந்துக்கு வந்தோம்" என்றார்!

"அப்பா!"

"என்னம்மா பண்றது? யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்னு எங்கப்பா சொல்லிக் கொடுத்தது. வாயில தானா வந்துருச்சு."

எனக்கு உயிரே போய்விட்டது. பழைய தாளெல்லாம் மறுபடி தேடுவதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை. அலமாரிக்குள் கூட இருந்த ஒரே சாட்சி நீங்கள். நீங்கள் இருவரும் அங்கேதான் வாழ்ந்தீர்கள் என்று கையெழுத்திட்டு உடனே கூரியரில் அனுப்புங்கள். உங்கள் சபையாருக்கு என் வணக்கம். எனக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள், ஆனால் முதலில் கடிதம். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும்.

உங்கள் பிரியமுள்ள,
ரெனீட்டா

பி.கு.: உறையை ஒட்டப் போனவள் கைபேசியைப் பார்த்தேன். அந்த அம்மா படிவத்தின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கணக்கெடுத்தவர் அன்று கையால் எழுதிய குறிப்பு: "தெருமுனை வரை ஒரு சிறுமி துரத்தி வந்தாள். ஓபல், வயது பதினொன்று. தம்பி ஆல்வின், ஆறு, அலமாரிக்குள் இருக்கிறானாம். பெயர்களை எழுதும்வரை என் சட்டையை விடவில்லை."

சாட்சிக் கடிதம் இனி வேண்டாம், அத்தை. தரையில் படுத்திருந்த அப்பாவை எழுப்பிக் காட்டினேன். வாய்விட்டு ஒருமுறை படித்தார். "அப்போ என் தும்மலால இல்லியா?" என்றார். அவருக்கு மட்டும் நாலு வரி எழுதுங்கள். உறையின் மேல் 'தும்மல்' என்று போட வேண்டாம். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.