மரியோனி பை ஏலத்துக்கு வந்த கதை

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் கஸ்டம்ஸின் பச்சை வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். லூயிஸும் தள்ளுவண்டியை அந்தப் பக்கம்தான் திருப்பினார். பிரிஸில்லா வண்டிக் கம்பியைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏனுங்க, நாம செவப்புப் பக்கமில்ல போகோணும்?"

"அங்க எதுக்கு?"

"வெலை ஒசந்த சாமான் கொண்டாந்தா சொல்லிப்போட்டுப் போகோணும்னு எழுதி வெச்சிருக்குதே. நம்மகிட்ட மரியோனி பை இருக்குதில்லீங்க?"

பை இருந்தது. ஆனால் அது இத்தாலிக் கம்பெனியின் அசல் மரியோனி இல்லை. பேங்காக்கில் பிரிஸில்லா கால் அமுக்கிவிடும் கடையில் சாய்ந்திருந்த நேரம், நாலு சந்து தள்ளி, நடைபாதையில் போர்வை விரித்து விற்றவனிடம் வாங்கியது.

பாவம், அவரும் வேண்டுமென்று செய்யவில்லை. குன்னூர் பக்கம் வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் சிவிலியன் கிளார்க். கல்யாண நாள் வெள்ளி விழாவில் யாரோ கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். மைக் கிடைத்தால் நம் ஆட்களுக்கு வாய் நிற்குமா? "என் மனைவிக்கு மரியோனி பை, அதுவும் ஒரிஜினல், பேங்காக் கூட்டிப் போய் வாங்கித் தருவேன்" என்று ஆலயத்துச் சபையார் மொத்தப் பேரும் கேட்க அறிவித்துவிட்டார். கைதட்டல் பிரமாதம். பேங்காக்கில் அந்தக் கண்ணாடிக் கடைக்குள் தனியாகப் போய் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்ததும், ஏசி குளிர் தாங்கவில்லை என்று வெளியே வந்துவிட்டார். குன்னூர்க்காரருக்குக் குளிர் தாங்கவில்லையாம்.

"சொல்லாமப் போனா நாளைக்கு வம்பு வருமுங்க. நீங்க கவர்மெண்ட் உத்தியோகத்துல இருக்கறவரு" என்று சொல்லி, பிரிஸில்லாவே வண்டியைச் சிவப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

கஸ்டம்ஸ் அம்மாள் பையை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜிப்பை இழுத்தார். அது பாதி வழியில் நின்றுகொண்டது. அப்புறம் லூயிஸை இரக்கத்தோடு பார்த்தார்.

"சார், இது ஒரிஜினலா, காப்பியா?"

லூயிஸ் வண்டியிலிருந்த பெட்டியை நேராக்க ஆரம்பித்தார்.

"பயப்படாதீங்க. சொந்த உபயோகத்துக்கு ஒண்ணே ஒண்ணுதானே. காப்பின்னா சொல்லிட்டுப் போயிட்டே இருங்க. ஒரிஜினல்னாத்தான் டியூட்டி கட்டணும்."

உண்மை அவ்வளவு மலிவாக அவருக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், காசு செலவில்லாமல் வீட்டுக்குப் போகலாம். ஆனால் தோளோடு தோள் உரச பிரிஸில்லா நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு காப்பியெல்லாம் கையால தொடமாட்டாருங்க மேடம்" என்றாள் அவள்.

"ஒரிஜினல்தான்" என்றார் லூயிஸ்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். தையல் எல்லாம் ஒரு மாதிரியா இருக்கு."

"ஒரிஜினல்தாங்க மேடம்."

"கடைசியாக் கேக்கறேன் சார்."

"ஒரிஜினல்" என்றார், இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஆலயத்தில் 'சம்மதம்' என்று சொன்ன அதே குரலில்.

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டுக் கம்ப்யூட்டரில் மரியோனியின் விலையைத் தேடி எடுத்து, உரக்கப் படித்தார். எந்தத் தொகையைப் பார்த்து லூயிஸ் பேங்காக்கில் ஓடிவந்தாரோ அதே தொகை. அதற்கு டியூட்டி போட்டு, கார்டைத் தேய்த்து, பில்லைக் கையில் கொடுத்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்தவா முடியும்? லூயிஸ் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தார்.

வெளியே பக்கத்து வீட்டு ஜாகீர் தன் டாக்ஸியோடு காத்திருந்தான். பிரிஸில்லா ஏறியதும் பில்லைக் காட்டினாள்.

"பாரு ஜாகீர், ஒரிஜினல்னு கவர்மெண்டே பில்லு குடுத்திருச்சு."

"அண்ணன் வாக்குக் குடுத்தா சும்மாவாக்கா?" என்றான் ஜாகீர்.

அதைக் கேட்டதும் லூயிஸுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. கவர்மெண்டே சொல்லிவிட்ட பிறகு இல்லை என்று சொல்ல நாம் யார்?

தெம்பு கல்லாறு செக்போஸ்ட் வரைதான் தாங்கியது. மலைக்கு மேலே பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாதே. சோதனை செய்த பெண் தண்ணீர் பாட்டிலை எடுத்ததோடு நிற்காமல், பையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையையும் உரித்து எடுத்துக்கொண்டாள். கார் கிளம்பியதும் உள்ளே ஒரு வாசம் எழுந்தது. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை வாசம்.

"ஏனுங்க, பசை நாத்தம் அடிக்குதே?"

"இத்தாலித் தோலு. அப்படித்தான் இருக்கும்."

ஜாகீர் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு, பர்லியாறு வரை இருமிக்கொண்டே ஓட்டினான்.

குன்னூர் மழைக்கு ஒரிஜினல் தோலே பூசணம் பிடிக்கும். ரெக்சினுக்குக் கேட்க வேண்டுமா? ஒரு வாரத்தில் பையின் கைப்பிடியில் நகக்கண் அளவு தோல் உரிந்து நின்றது. பிரிஸில்லா கடைக்குப் போன சமயம் பார்த்து லூயிஸ் கறுப்பு ஷூ பாலிஷ் போட்டுத் தேய்த்தார். அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது. அது தனியாகத் தெரியாமல் இருக்கப் பை முழுக்கத் தேய்த்தார். இனி அதைப் பிடிப்பவர் கையெல்லாம் கறுப்பாகும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கிளம்பும்போது பிரிஸில்லா பீரோவைத் திறந்தாள். லூயிஸ் பாய்ந்து வந்து மூடினார்.

"வெளிய எடுக்காத. மிஸ்ட், இந்தப் பனிமூட்டம் பட்டா ஒரிஜினல் தோலு கெட்டுப்போயிரும்."

"குன்னூர்ல மிஸ்ட் இல்லாத நாளு ஏதுங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன். பீரோவுலயே இருக்கட்டும்."

பிரிஸில்லா பீரோ சாவியை இடுப்பில் செருகினாள்.

"தூக்கிட்டுப் போக முடியாத பை எனக்கு எதுக்குங்க? வர்ற வாரம் அறுப்பின் பண்டிகை வருது. காணிக்கையாக் குடுத்துப்போடலாம். ஏலத்துல நல்லா போகும்."

"காணிக்கைக்குக் கேரட் குடுக்கலாம் பிரிஸில்லா. நம்ம தோட்டத்துக் கேரட்டு."

"கேரட் எல்லாரும் குடுப்பாங்க. நமக்குக் குடுத்த ஆண்டவருக்கு நல்லதைக் குடுக்கோணும்."

ஆண்டவரை இழுத்த பிறகு என்ன பேசுவது? வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டவர் கதிதான்.

அறுப்பின் பண்டிகை ஏலம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சபையார் கொண்டுவரும் காய்கறி, பழம், கோழி, கேக் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பணம் சபைக்கு. ஆகையால் யாரும் நியாய விலைக்குக் கேட்க மாட்டார்கள். எலுமிச்சம்பழம் ஒன்று ஆட்டு விலைக்குப் போகும். எடுத்தவர் கிறிஸ்துமஸுக்குள் கட்டினால் போதும்.

மேஜையில் காலிஃபிளவருக்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில் பை பளபளத்தது. கஸ்டம்ஸ் பில்லை அதில் குத்திவைத்திருந்தாள் பிரிஸில்லா. ஏலம் விடுகிற சபைச் செயலர் டெனின் தூக்கிக் காட்டினார்.

"நம்ம ஆலய வரலாற்றுலயே கஸ்டம்ஸ் பில்லோட வந்த காணிக்கை இதுதானுங்க. சுத்த ஒரிஜினல்."

நாலைந்து கைகள் எழுந்தன. லூயிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். எடுத்துப் போகிறவர் வீட்டில் நாலு நாளில் பை தோலுரியும். நேராக ஆயரிடம் வருவார். கர்த்தருடைய வீட்டில் டூப்ளிகேட்டைத் தள்ளிவிட்டவன் என்று பேர் வரும். எல்லாவற்றுக்கும் மேலே, பிரிஸில்லாவுக்குத் தெரிந்துவிடும். ஒரே வழிதான் இருந்தது. அவரும் கையைத் தூக்கினார்.

"நீங்க குடுத்ததை நீங்களே கேக்கறீங்களா லூயிஸண்ணா?" என்றார் டெனின்.

"எங்க வெள்ளி விழா ஞாபகமில்லீங்களா. மனசு கேக்கல."

பெண்கள் பக்கம் உருகிப்போய் "அச்சோ" என்றார்கள். போட்டிக்கு எழுந்த கைகளெல்லாம் மரியாதையாக இறங்கிவிட்டன. லூயிஸ் மூச்சு விட்டார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் விலையை ஏற்றியது. ஜாகீர்.

வருஷா வருஷம் கேரட் எடுக்க வருகிறவன். இவனுக்கு எதுக்கு லேடீஸ் பை? லூயிஸ் முறைத்தார். ஜாகீர் உத்திரத்தைப் பார்த்தான். லூயிஸ் ஏற்றினார். ஜாகீர் அதற்கு மேல் ஏற்றினான். எந்த எஸ்டேட் முதலாளிக்காகக் கேட்கிறானோ என்று லூயிஸ் பல்லைக் கடித்தார். கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், ஒரு கட்டத்தில் கையெடுத்தே கும்பிட்டார். ஜாகீர் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு இன்னும் ஏற்றினான்.

"ஒரிஜினலுன்னா சும்மாவா?" என்று டெனின் குஷியாகிவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சேவல் கூவியது. சீடர் மூன்று தரம் மறுத்துப் பொய் சொன்னதும் சேவல் கூவிய கதையை வேதத்தில் வாசித்தவர் என்பதால் லூயிஸுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தொகை ஏறிக்கொண்டே போனது. சொசைட்டி லோன் தாண்டி, பி.எஃப். லோன் வரை போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு லூயிஸ் கடைசியாக ஒரு தொகை சொன்னார். ஜாகீர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். டெனின் மூன்று தரம் சொல்லி முடித்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. ஆயர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். பிரிஸில்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் லூயிஸ் ஜாகீரை மடக்கினார். பையைப் பிடித்திருந்த கை முழுக்கக் கறுப்பு.

"ஏண்டா, உனக்கு நான் என்னடா துரோகம் பண்ணுனேன்? யாருக்காகடா கேட்ட? அவ்வளவு தூரம் ஏத்திப்போட்டு நடுவுல ஏன் உட்டுட்ட?"

ஜாகீர் தலையைச் சொறிந்தான்.

"ஒரிஜினல் வெலையைத் தொட்டதும் நிறுத்திக்கோணும்னு அக்கா சொல்லித்தானுங்ணா அனுப்பிச்சாங்க."