அம்மன் கலயத்துக்கு வெந்நீர்க் குளியல்

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கக் கொடி தைத்துக்கொண்டிருந்தார்கள். காஜா பெராங் வட்டாரத்தில் மட்டும் மூளைக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அங்கே கலயச் சித்தர் எழுந்தருளியிருந்தார்!

சாயங்காலம் மண் கலயத்தில் வெறும் பாலை ஊற்றி மந்திரம் சொல்வார். உறைமோர் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. காலையில் துணியை எடுத்தால் கெட்டித் தயிர். விலை கரண்டிக்கு அரை வெள்ளிக் காசு. எந்த வயிற்று நோயும் பறந்துவிடுமாம். ஒரே ஒரு விதி: கலயத்துக்குள் தண்ணீர் படக்கூடாது, அம்மனுக்கு ஆகாது.

தெங்கேராவிலிருந்தும் செமாபோக்கிலிருந்தும் கூட்டம் சைக்கிள் மிதித்து வந்தது. வீட்டில் தினமும் பாலுக்கு உறை ஊற்றுகிற பெண்கள், இங்கே தயிரைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

குணமானவர்களும் இருந்தார்கள். வயிற்றில் கிருமி புகுந்தால் உடம்பு சும்மா இருக்காது, சண்டை போடும். தயிரில் இருக்கும் நல்ல கிருமிகளும் அதற்குக் கொஞ்சம் தோள் கொடுக்கும். சண்டை போட்டது உடம்பு. மாலை விழுந்தது சித்தர் கழுத்தில்.

கணக்கெழுதும் கிராணி சேதுராமன் இங்கிலீஷ் படித்தவர். அதனால் மற்றவர்களைவிட ஒருபடி அதிகமாகவே நம்பினார். அவருடைய நாலு வயது மகள் ஜெயாவுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. கண் குழிந்துவிட்டது. “தண்ணி, கஞ்சி எதுவும் கூடாது. கலயத் தயிர் மட்டும்தான். ஊசி குத்தினா அம்மன் கைவிட்டுடுவா” என்று சொல்லியிருந்தார் சித்தர்.

“ஏங்க, பிள்ளை வாடிப்போச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாங்க” என்றாள் மனைவி ருக்மணி.

“மூத்தவனை அங்கதானே பறிகொடுத்தோம்? மறந்துட்டியா?”

மறக்கவில்லை. மந்திரித்த கயிறெல்லாம் கட்டிப் பார்த்துவிட்டு, கடைசி மூச்சில் மூத்தவனை அங்கே கொண்டுபோனதே சேதுராமன்தான். அதை அவர்தான் மறந்திருந்தார். பிள்ளையோடு கிளம்பியவளை வாசலிலேயே மறித்தார்.

“நாளைக்குக் காலைத் தயிரைக் குடுத்துப் பாப்போம். அப்புறம் நீ சொல்றதைக் கேக்கிறேன்.”

பெண்கள் முறைவைத்துக் கலயத்தைத் துடைத்து வைக்கும் சேவையில் அன்று சாயங்காலம் ருக்மணியின் முறை. போனாள், செய்தாள், திரும்பினாள். அப்புறம் சேதுராமன் அந்தப் பக்கம் திரும்பும் போதெல்லாம் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பிள்ளைக்குப் புகட்டினாள்.

விடிந்ததும் இருவரும் பிள்ளையோடு போனார்கள். ருக்மணியின் இடுப்பில் ஒரு சட்டியும் இருந்தது. சித்தர் கண்ணை மூடினார், “தாயே!” என்றார், துணியை எடுத்தார்.

பால். ஊற்றின பால் ஊற்றினபடியே ஆடிக்கொண்டிருந்தது.

“தீட்டு! யாரோ தீட்டுப் பண்ணிட்டாங்க!” என்று அலறினார் சித்தர்.

“தீட்டு இல்லீங்க சாமி. நான்தான் கலயத்துல தண்ணி ஊத்தி, அடுப்புல வச்சுத் தளதளன்னு கொதிக்க விட்டுக் கழுவினேன். ஏன், உங்க அம்மன் குளிக்க மாட்டாளா?”

கூட்டம் எட்டிப் பார்த்தது. ருக்மணி தன் சட்டியைத் திறந்து கவிழ்த்துக் காட்டினாள். கெட்டித் தயிர் சட்டியை விட்டு நகரவில்லை.

“இது என் வீட்டுத் தயிர்ச் சட்டி. கழுவாம அப்படியே பால் ஊத்தினேன். மந்திரம் சொல்லலை, ரேடியோல பாட்டுத்தான் ஓடுச்சு. ஒட்டியிருக்கிற பழைய தயிர்தானய்யா உறை! அது கலயத்துக்கும் தெரியும், சட்டிக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியலை.”

சேதுராமன் தன் தோளில் கிடந்த பிள்ளையின் உதடு காய்ந்து வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தார். இரண்டாவது பிள்ளையையும் நானே கொல்லப் பார்த்தேனே என்று முனகினார். ஓடினார். மூன்று சக்கரத் திரிஷாக்காரரிடம் “ஆஸ்பத்திரி, செப்பாட்! செப்பாட்! சீக்கிரம்!” என்று கத்தினார். சித்தரும் அதே வேகத்தில் பின்வாசல் வழியாகப் போனதாகக் கேள்வி.

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். ஜெயா பிழைத்தாள். இன்னும் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார்.

பிள்ளையோடு வீடு திரும்பினால் வாசலில் ஒரு கூட்டம். முன்னால் நின்ற பாக்கியலட்சுமி வெற்றிலைத் தட்டோடு தடாலென்று ருக்மணியின் காலில் விழுந்தாள்.

“தாயே! மந்திரமே இல்லாம உங்க கையில பால் உறையுதே! உங்க சட்டித் தயிர்ல ஒரு கரண்டி குடுங்க தாயே!”

ருக்மணி அவளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள்.

“தயிர் தர்றேன்க்கா, சும்மாவே தர்றேன். ஆனா மூளைக்கு ஊத்த என்கிட்ட உறை இல்லை. மூளையில ஒட்டியிருக்கிற பழசை நீங்கதான் அந்தக் கலயம் மாதிரி கொதிக்க விட்டுக் கழுவணும்.”