அன்றைக்கே அங்கிருந்தவர்

'அன்றைக்கே அங்கிருந்தவர்' என்றொரு மனித இனம் உண்டு. இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் மழையைவிட அதிகமாகக் கிடைப்பது இந்த இனம்தான்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ரோலண்ட் ஹேஸ்லமைப் பாருங்கள். யாராவது 'நைட் லூம்ஸ்' இசைக்குழுவின் பெயரை எடுத்தால் போதும், பீர் கோப்பையை மெதுவாகக் கீழே வைப்பார். அந்தக் குழு எட்டு ஆல்பம் போட்டது, உலகம் சுற்றியது, பாடகரும் கிட்டார்காரரும் முகம் பார்க்காமல் பிரிந்தார்கள், அவர்கள் டிரம்ஸ் அடித்த விதத்தை இன்றுவரை ஊருக்கு நாலு குழு காப்பியடிக்கிறது, பல்கலைக்கழகத்தில் பாடமாகவும் வைத்துவிட்டார்கள். இதெல்லாம் ரோலண்டுக்குப் பொருட்டே இல்லை.

"ஆல்பமெல்லாம் அப்புறம்ப்பா. எழுபத்தெட்டுல தொழிலாளர் கிளப்புல மொதமொதல்ல வாசிச்சாங்களே, அன்னைக்கே நான் அங்க இருந்தேன். ஜனங்க மேஜை மேல ஏறி ஆடுனாங்க!"

அன்றைக்கு அவர் பொன்னுக்கு வீங்கியோடு அடுத்த தெருவில் படுத்திருந்தார். ஜன்னல் வழியே டிரம்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை அவர் உயிராக நேசித்தார் என்பது சத்தியம். போகவில்லையே என்ற ஏக்கம் பத்து வருடத்தில் 'போனேன்' என்ற நினைவாகவே மாறிவிட்டது. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

போன வசந்தத்தில் கிளப் சுவரில் நினைவுப் பலகை திறந்தார்கள். அந்த முதல் கச்சேரியில் இருந்தவர்கள் மட்டும் புகைப்படத்துக்கு நிற்கலாம் என்று அறிவிப்பு. கச்சேரிக்கு வந்தவர்கள் முப்பத்தேழு பேர். புகைப்படத்துக்கு வந்தவர்கள் இருநூற்றுப் பத்து! ரோலண்ட் மனைவி டோரீனோடு, சம்பந்தியையும் அழைத்து வந்திருந்தார். மானம் போவதென்றால் சம்பந்தி முன்னால்தானே போக வேண்டும்!

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் தொண்ணூறு வயது வில்ஃப் ஓக்டன். அந்தக் காலத்தில் கிளப்பின் கச்சேரிச் செயலாளர். எல்லோரிடமும் ஒரே கேள்வி.

"ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் என்ன ஆச்சு?"

கலவரம் என்றார் ஒருவர். போலீஸ் வந்தது என்றார் இன்னொருவர். மயங்கி விழுந்ததாகச் சொன்னவர்கள் மட்டும் பதினாறு பேர். எல்லோரையும் வில்ஃப் கையசைத்து ஓரங்கட்டினார். ரோலண்டின் முறை வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சம்பந்தி எட்டிப் பார்த்தார்.

வில்ஃபின் பார்வை பின்னால் போனது. "அடடே, டோரீன்! அன்னைக்குப் பேஸ்டி வித்த பொண்ணு நீதானே? நான் மைக்கைப் புடுங்கி 'சூடா கறி அடைச்ச பேஸ்டி வந்தாச்சு'ன்னதும், பாட்டாவது கூத்தாவதுன்னு மொத்தக் கூட்டமும் உன் முன்னாடி வரிசையில நின்னுச்சே!"

ரோலண்ட் திரும்பி மனைவியைப் பார்த்தார். மேஜை மேல் ஆடிய கூட்டத்தைப் பற்றி அவர் அளந்ததையெல்லாம் நாற்பது வருடம் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உருளைக்கிழங்கு உரித்தவள்!

"இவரு இருந்தாராம்மா?" என்றார் வில்ஃப்.

டோரீன் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். காது மடல் வரை சிவந்திருந்தது அந்த முகம்.

"இருந்தாரே. ரெண்டு பேஸ்டி தின்னுட்டு மூணாவதுக்கு வந்து நின்னாரு. தீந்துபோச்சுன்னு விரட்டிவிட்டேன்."

புகைப்படத்தில் முதல் வரிசையில் ரோலண்ட் நிற்கிறார். வீடு திரும்பும் வழியில் டோரீனின் கையை விடவே இல்லையாம். மனைவிக்கு நன்றி சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் பப்பில் கேளுங்கள்.

"மேஜை மேல ஆடுனதெல்லாம் புளுகுப்பா. அன்னைக்குப் பேஸ்டிக்கு நின்னோம். மூணாவது இருந்துச்சு, இவதான் ஒளிச்சு வச்சுட்டா!"

சிரிக்காதீர்கள். அடுத்த வாரம் நண்பரிடம் இந்தக் கதையைச் சொல்வீர்கள். அவர் நம்பாமல் புருவத்தை உயர்த்துவார். அப்போது நீங்கள் சொல்லப்போவது எனக்கு இப்போதே கேட்கிறது: "அட, வில்ஃப் கேள்வி கேட்டப்போ நான் பக்கத்துலதானய்யா நின்னேன்!"