சிமியோன் குறைத்த கரண்ட்

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனன்று குருநகரில் சிலர் இறைச்சியை விட்டார்கள். சிலர் சாராயத்தை விட்டார்கள். சிமியோன் கரண்டை விடுவது என்று தீர்மானித்தான். தன்னுடைய கரண்டை அல்ல, மனைவி லவீனாவுடைய கரண்டை.

சிமியோன் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற கராஜ்காரன். கனடாவில் இருக்கும் தம்பி றொகான் போன மாதம் ஒரு நல்ல செய்தி சொல்லியிருந்தான். வீட்டுக்கு ஒரு பெரிய சாமான் வாங்கித் தருவானாம். என்ன வேண்டுமென்று அண்ணனும் அண்ணியும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டுமாம். அந்தச் 'சேர்ந்து' என்ற சொல்லோடுதான் சனியன் வீட்டுக்குள் வந்தது. லவீனாவுக்குப் பக்கத்து வீட்டு றெஜினாவின் கூரையில் இருப்பதுபோல, வெயிலில் கரண்ட் எடுக்கிற சோலர் வேண்டும். சிமியோனுக்கு மோட்டார்சைக்கிள் வேண்டும். டவுன் கடையில் நிற்கிற அந்தச் சிவப்பு மோட்டார்சைக்கிளில் அவன் ஏற்கெனவே மூன்று தரம் ஏறி இருந்து பார்த்துவிட்டான். இப்போது அவனைக் கண்டால் கடைக்காரர் கதிரையை விட்டு எழும்புவதே இல்லை.

"சோலரெல்லாம் கட்டுப்பாடு இல்லாத வீட்டுக்குத்தான்," என்றான் சிமியோன். "கரண்ட் எங்கை போகுதெண்டு தெரிஞ்சாலே பாதி குறையும்."

"எங்கை போகுது? சோறாப் போகுது. உங்கடை சேட்டுக்குப் போகுது."

"அதைத்தான் அளக்கப்போறன்."

மின்சாரக்காரர் புதிதாகப் பூட்டிவிட்டுப் போன ஸ்மார்ட் மீற்றரில் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு மின்னும். கரண்ட் கூட ஓடினால் பொட்டு வேகமாக மின்னும். சிமியோன் ஒரு சென்சரை வாங்கி அந்தப் பொட்டின் மேல் ஒட்டினான். சென்சர் எண்ணுவதை ஒரு குட்டிப் பெட்டி வைஃபை வழியாகப் போனுக்கு அனுப்பும். போனில் ஒரு கோடு ஏறி இறங்கும். ஆயிரம் வோட்ஸைத் தாண்டினால் போன் கத்தும். வீட்டு விறாந்தையில் ஒரு பல்ப் சிவப்பாகும். அந்தப் பல்பை மாட்ட, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அதோடு விடாமல் வீட்டிலுள்ள சாமான் ஒவ்வொன்றிலும் அதனதன் வோட்ஸை எழுதி, கீழே 'அவதானம்' என்றும் எழுதி ஒட்டினான்.

லவீனா படத்தைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, இதிலை ஏற்கெனவே ஒரு சிவப்பு லைற் எரியுது. இனி எதைப் பாத்துக் கும்பிடுறது, எதைப் பாத்துப் பயப்பிடுறது?"

"ரெண்டுக்கும் பயப்பிடு. ஒரு பிழையும் வராது."

பிறகு முற்றத்துக்கு வந்து, மதிலுக்கு அங்காலே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த றெஜினாவுக்கும் கேட்கும்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். "உயிர்த்த ஞாயிறுக்கு முதல் இந்த வீட்டிலை கரண்ட் பாதியாக் குறையும். எது குறைக்குதோ அதுக்குத்தான் தம்பியின்ரை காசு. என்ரை பெட்டி குறைச்சா, மோட்டார்சைக்கிள். சம்மதமோ?"

லவீனா கொஞ்சம் யோசித்தாள். "எது குறைக்குதோ அதுக்கு?"

"ஓம்."

"சம்மதம். றெஜினா, கேட்டனி தானே?"

"ஓம் அக்கா," என்றது மதில்.

முதல் கிழமை சிமியோனின் சீவன் போய்விட்டது. எஞ்சினுக்குள் கையை விட்டால் போன் கத்தும். ஒயில் கையோடு லவீனாவுக்குப் போன் எடுப்பான்.

"என்ன போட்டனி?"

"அயன்."

"ஆயிரத்து இருநூறு வோட்ஸ் ஓடுது."

"சேட்டு சுருங்கிக் கிடக்கு."

"ஆற்றை சேட்டு?"

"உங்கடை சேட்டு."

"சரி, கெதியா முடி."

பத்து நிமிடத்தில் போன் திரும்பவும் கத்தும்.

"இப்ப என்ன?"

"அடுப்பு." காஸ் தட்டுப்பாடு நேரம் வாங்கிய கரண்ட் அடுப்பு அது.

"எவ்வளவு நேரம்?"

"கணவாய் அவியுமட்டும்."

"எப்ப அவியும்?"

"அதையும் உங்கடை பெட்டியிட்டைக் கேளுங்கோ."

எஞ்சின் திருத்த வந்து காத்திருந்த அடைக்கலநாதன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "தம்பி, நான் பின்னேரம் கடலுக்குப் போகவேணும். உன்ரை அடுப்பு ஒரு இடமும் போகாது. என்ரை எஞ்சினைப் பார்."

கிழமை முடிவில் கோடு இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியுங்கூட இருந்தது. சிமியோனுக்கு விசர் வராத குறை. விறாந்தையில் நின்று அரை மணித்தியாலம் பேசினான். கரண்ட் என்றால் என்ன, கட்டுப்பாடு என்றால் என்ன, மோட்டார்சைக்கிள் என்றால் என்ன என்று எல்லாம் விளக்கினான். லவீனா மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கலியாணம் கட்டி இருபத்தாறு வருசத்தில் அவள் மறுபேச்சுப் பேசாத நாட்களைப் பற்றி அவன் அப்போதாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அடுத்த திங்கட்கிழமை கோடு படுத்துவிட்டது.

ஒன்பது மணிக்குப் பார்த்தான், பத்துக்குப் பார்த்தான். போன் கத்தவே இல்லை. பயந்துபோய் வீட்டுக்கு எடுத்தான்.

"கரண்ட் நிண்டுபோச்சுதோ?"

"இல்லையே. இருக்குது."

"அப்ப நீ என்ன செய்யிறாய்?"

"கட்டுப்பாடா இருக்கிறன்."

மத்தியானம் வீட்டுக்குப் போனால் சோறு ஆவி பறந்தது. கணவாய்க் கறி கொதித்த சூட்டோடு இருந்தது. சேட்டுகள் மடிப்புக் கலையாமல் அடுக்கிக் கிடந்தன. குசினியில் மட்டும் அடுப்பு குளிர்ந்திருந்தது. வெற்றி வந்தால் அது எந்த வழியால் வந்தது என்று கேட்கிற பழக்கம் சிமியோனுக்கு இல்லை. ஒரு நாள் மட்டும் வாய்தவறிக் கேட்டான்.

"றைஸ் குக்கர் எங்கை?"

"கழுவிக் காயவிட்டிருக்கு. ஈரத்தோடை போட்டா வோட்ஸ் கூடுமெல்லே?"

"பாத்தியே," என்றான் சிமியோன் பூரிப்போடு. "நீயே யோசிக்கத் தொடங்கிட்டாய்."

கோட்டைப் படம் எடுத்து ஒவ்வொரு நாளும் றொகானுக்கு அனுப்பினான். கராஜுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். டவுனுக்குப் போய் மோட்டார்சைக்கிளில் நாலாவது தரமும் ஏறி இருந்தான். இந்த முறை ஹெல்மெற்றும் போட்டுப் பார்த்தான்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமையில் றெஜினா மதிலடிக்கு வந்தாள். "அண்ணை, உந்தப் பெட்டி எங்கடை வீட்டுக்கும் ஒண்டு பூட்டித் தாறியளோ? சோலர் போட்டும் பகலிலை மிஞ்சிறது குறைஞ்சுபோச்சு. எங்கை போகுதெண்டு தெரியேல்லை."

இப்படி ஒரு அழைப்புக்கு எவன்தான் மயங்கமாட்டான்? புதனன்று போய், அவர்களுடைய வீட்டுக்குள் போகிற கம்பியில் கரண்ட் அளக்கிற கவ்வி ஒன்றை மாட்டிவிட்டு வந்தான். சனிக்கிழமை காலை கோட்டைப் பார்க்கப் போனான். றெஜினாவும் அவளுடைய புருசன் சுபாஸும் கதிரை போட்டு இருத்தினார்கள். போனைப் பார்த்த சிமியோனுக்குத் தலை சுற்றியது.

"தங்கச்சி, இதென்ன கூத்து? விடிய ஒன்பது மணிக்கு ஒரு மலை, பத்துக்கு ஒரு மலை, பதினொண்டுக்கு இன்னொண்டு. ஆர் இவ்வளவு நேரம் அயன் பண்ணுறது?"

றெஜினா சுபாஸைப் பார்த்தாள். சுபாஸ் முகட்டைப் பார்த்தான்.

"சோலர் இருந்தா இப்பிடித்தான் கட்டுப்பாடு போகும்," என்றான் சிமியோன். "எங்கடை வீட்டைப் பாருங்கோ. உவ்வளவு கரண்ட் ரெண்டு குடும்பத்துக்குக் காணும்."

"ஓம் அண்ணை," என்றாள் றெஜினா. "ரெண்டு குடும்பத்துக்குத்தான்."

சிமியோன் எழும்பிக் குசினிக்குள் போனான். அங்கே ஒரு றைஸ் குக்கர் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் அவனுடைய கையெழுத்தில் 'எழுநூறு வோட்ஸ், அவதானம்' என்று இருந்தது. பக்கத்தில் லவீனா நின்று, அவன் நாளைக்குப் பூசைக்குப் போடவேண்டிய சேட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ," என்றாள். "பெட்டி பூட்ட உங்களைக் கூப்பிடச் சொன்னதே நான்தான். கொலர் மட்டுந்தான் மிச்சம்."

"ஒரு மாசமா அடுத்த வீட்டுக் கரண்டைக் களவெடுத்திருக்கிறாய்."

"களவெண்டு சொல்லாதேங்கோ. பகலிலை அவைக்கு மிஞ்சிறதுதான். அதுக்குப் பதிலா சுபாஸின்ரை வள்ளத்து எஞ்சினை நீங்கள் சும்மா திருத்திக் குடுப்பியள் எண்டு சொல்லியிருக்கிறன்."

சிமியோன் குக்கரின் வயிற்றில் இருந்த தன் எழுத்தைத் திரும்பவும் வாசித்தான்.

"இதைச் சொல்லுங்கோ. உங்கடை பெட்டி பொய் சொல்லுமோ?"

"பெட்டி பொய் சொல்லாது."

"அப்ப எங்கடை வீட்டிலை பாதி குறைஞ்சது உண்மை. என்ன குறைச்சது?" அயனை நிமிர்த்தி வைத்துவிட்டு, விரலால் மேலே கூரையைக் காட்டினாள். "எது குறைக்குதோ அதுக்குத்தான் காசெண்டு ஆர் சொன்னது?"

"அது நான் சொன்னது வேறை..."

"றெஜினா, நீ கேட்டனி தானே?"

"வடிவாக் கேட்டனான் அக்கா."

கடைசி நம்பிக்கையாக அங்கேயே நின்று தம்பிக்குப் போன் எடுத்தான். றொகான் நித்திரைக் குரலில் சந்தோசமாகக் கதைத்தான். "அண்ணை, சோலராலை கரண்ட் பாதியாக் குறையுதெண்டு அண்ணி சொல்லேக்கை முதல் நம்பேல்லை. நீங்கள் நாளுக்கு நாள் அனுப்பின படங்களைப் பாத்துத்தான் நம்பினனான். சோலருக்கு நேற்றே காசு போட்டாச்சு."

உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்றாம் நாள் சோலர்காரர் வந்தார்கள். கூரையில் ஏறினவர் கீழே பார்த்து, "அண்ணை, ஏணி ஆடுது, ஒருக்காப் பிடியுங்கோ," என்றார். சிமியோன் பிடித்தான். அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் கத்தியது. ஆயிரத்து இருநூறு வோட்ஸ். உள்ளே அயன் போட்டாயிற்று. எடுத்து என்னவென்று கேட்க அவனுக்குக் கை இல்லை, இரண்டும் ஏணியில் இருந்தன.